சென்னையில் பிரபலங்களை எதிர்பாராமல் பார்த்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கொஞ்ச காலம் குடியிருந்தாலே போதும், டிவியிலும் மேடையிலும் மட்டும் பார்த்த ஒருவர் என்றைக்காவது மருந்துக்கடையில் உங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். அந்த நேரத்தில் என்ன செய்வது, பேசலாமா, படம் எடுக்கலாமா என்று நண்பர்களும் சொந்தக்காரர்களும் ஊருக்குப் புதிதாக வந்தவர்களும் என்னிடம் கேட்டதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் மயிலாப்பூரிலேயே வளர்ந்த ஆள், மார்கழி முழுக்க சபாக்களிலும் ஜனவரியில் புத்தகக் காட்சியிலும்தான் இருப்பேன், அதனால் பதில்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். இதில் நான் கடைப்பிடிக்கிறது ஒரே ஒரு விதிதான்: அவர்களுக்கும் இதுதான் ஊர், நம்மைப் பார்த்த காரணத்தால் அந்தக் கடைக்கோ பார்க்குக்கோ அவர்கள் மறுபடி வரத் தயங்கக் கூடாது.

பிரபலங்களைச் சாதாரணமாக எங்கே பார்க்கலாம்?

யாரைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரிய நட்சத்திரங்கள் போயஸ் தோட்டம், நீலாங்கரை, திருவான்மியூர் என்று மதில் உயர்ந்த வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களைத் தெருவில் பார்ப்பது அபூர்வம். ஆனால் சினிமா என்பது அந்தப் பத்துப் பதினைந்து பேர் மட்டும் இல்லை. சாலிகிராமம், வடபழனி, விருகம்பாக்கம் பக்கம் காலை ஆறரை மணிக்கு டீக்கடையில் நின்று பாருங்கள். அப்பா வேஷம் போடுகிறவர், சண்டைக் கலைஞர், டப்பிங் குரல், எடிட்டர், நடனக் குழுவில் இரண்டாவது வரிசையில் ஆடுகிறவர் என்று வரிசையாக வருவார்கள். வடபழனி முருகன் கோயிலில் புதுப் படத்துக்கு பூஜை போட வந்தவர்களையும் பார்க்கலாம்.

பாட்டு, நடனம் என்றால் மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, தி.நகர், பெசன்ட் நகர். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கிற கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று மெதுவாகத்தான் தெரியவரும். ஒரு காலத்தில் கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது, 1962-இல் திறந்து 2008-இல் மூடினார்கள், பத்திரிகைக்காரர்களும் சினிமாக்காரர்களும் வக்கீல்களும் மணிக்கணக்கில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. அந்த மாதிரி எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே வந்து உட்காருகிற ஓர் இடம் அதற்கப்புறம் இந்த ஊருக்கு அமையவில்லை என்பது என் வருத்தம்.

அவர்கள் நம் அக்கம்பக்கத்தில்தான் வாழ்ந்தார்கள் என்பதற்குத் தெருப் பலகைகளே சாட்சி. விருகம்பாக்கத்தில் விவேக் குடியிருந்த தெரு இப்போது சின்னக் கலைவாணர் விவேக் சாலை, மந்தைவெளியில் டி.எம்.சௌந்தரராஜன் பெயரில் சாலை, நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் எஸ்.பி.பி. பெயர்.

மார்கழி சீசனில் வித்வான்களை நேரில் பார்க்க முடியும் என்கிறார்களே, எப்படி?

டிக்கெட் வாங்கி முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரங்கள் வரை, இந்த ஊரில் பாடுகிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் நடுவில் இருக்கிற தூரம் ரொம்பக் குறைந்துவிடும். மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணி வாக்கில் நடக்கிற லெக்-டெம்முக்கு, அதாவது பாடியும் வாசித்தும் காட்டி விளக்குகிற உரைக்கு, போங்கள், கட்டணம் கிடையாது. அங்கே மேடையில் பேசுகிறவரை விட, கீழே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்களைக் கவனியுங்கள். முந்தைய நாள் சாயங்காலம் கச்சேரி செய்தவர் உங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, ஒரு பழைய கிருதியை வேறு விதமாகப் பாடுகிற பாடபேதத்தைக் குறித்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் சபா கேன்டீன். அடை அவியலுக்கு எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரு தடவை கை கழுவும் குழாயில் எனக்கு முன்னால் ஒருவர் விரல் நுனிகளை ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் வெள்ளையாக எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது. மிருதங்கத்தின் இடது பக்கம், தொப்பியில், கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்புவார்கள், அந்தக் கனத்தில்தான் அடித் தொனி வருகிறது. அந்த ரவைதான் அவர் விரலில். கைகளைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன், சற்று முன் தனியாவர்த்தனத்தில், தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கிற பகுதியில், அரங்கத்தையே நிமிர்த்தி உட்கார வைத்தவர். "மிஸ்ர நடைக்குப் போன இடம் பிரமாதம் சார்" என்றேன். ஈரக் கையோடு கும்பிட்டுவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு, ஆனால் அதற்கப்புறம் அவர் வாசிப்பை ஒலிப்பதிவில் கேட்கும்போதெல்லாம் இடது கை என்ன செய்கிறது என்று தனியாகக் கவனிக்கிறேன்.

மயிலாப்பூர் மாட வீதிகளில் விடியற்காலை பஜனை போகிற வழக்கமும் உண்டு. பாபநாசம் சிவன் அந்தக் காலத்தில் பாடிக்கொண்டே போன வீதிகள். பெரிய பாடகர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நடப்பார்கள். அங்கே யாரிடமும் பேச வேண்டாம், கூடப் பாடுங்கள்.

எப்போது பேசக்கூடாது?

வாயில் சாப்பாடு இருக்கும்போது. போனில் இருக்கும்போது. கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது. ஆஸ்பத்திரியில் எந்த நேரத்திலும், சாவு வீட்டில் எந்த நேரத்திலும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அந்த நேரம் குழந்தையுடையது, விட்டுவிடுங்கள். தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்றால் இன்றைக்குத் தன்னை யாரும் கண்டுகொள்ள வேண்டாம் என்று நினைக்கிறார், அதை மதிப்பதும் அன்புதான்.

ஆஸ்பத்திரி விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐ.சி.யு. வாசலில் நிற்கிற ஒரு மகனிடம் போய், அவர் நடிகர் என்பதற்காகப் படம் கேட்கிற ஜனங்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களும் நல்லவர்கள்தான், தங்கள் வீட்டு நோயாளிக்காக வந்து உட்கார்ந்திருந்தவர்கள்தான். பரவசத்தில் யோசனை ஓடுவதில்லை. அதனால்தான் முன்கூட்டியே மனசில் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

சரி, பேசலாம் என்று தோன்றினால் என்ன பேசுவது?

அவர் செய்த வேலையில் ஒரே ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "உங்க படம் எல்லாம் சூப்பர் சார்" என்பதை அவர் அன்றைக்கே நாலு பேரிடம் கேட்டிருப்பார். ஆனால் ஒரு காட்சியில் அவர் பேசாமல் நின்ற நிலை, ஒரு கட்டுரையில் ஒரு பத்தி, ஒரு ராகத்தில் அவர் எடுத்த இடம் என்று சொன்னால் முகம் மாறும், கவனிக்க ஒருவர் இருந்திருக்கிறார் என்று தெரியும்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. சச்சின் டெண்டுல்கர் 2019 டிசம்பரில் ஒரு வீடியோ போட்டார். டெஸ்ட் தொடருக்காகச் சென்னை வந்து தாஜ் கோரமண்டலில் தங்கியிருந்தபோது, ஹோட்டல் ஊழியர் ஒருவர் அவரிடம், நீங்கள் முழங்கைக் காப்பு போட்டு ஆடும்போது மட்டையின் வீச்சு மாறுகிறது என்று சொல்லியிருக்கிறார். உலகத்தில் வேறு யாரும் கவனிக்காததை அவர் கவனித்தார், அதற்கப்புறம் அந்தக் காப்பின் வடிவத்தையே மாற்றினேன், அவரைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று சச்சினே கேட்டார். ஆளும் கிடைத்தார், சென்னைக்காரர்தான். எத்தனை ஆயிரம் பேர் சச்சினிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், இத்தனை வருஷம் கழித்து அவரே தேடியது இந்த ஒருவரைத்தான். அந்த மனிதர் சச்சின் ஆடுவதை எத்தனை தடவை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

எல்லோராலும் அப்படிச் சொல்ல முடியாது, சொல்ல வேண்டும் என்றும் இல்லை. வேலையைப் பற்றி எதுவும் தோன்றாவிட்டால் "வணக்கம்" சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அதுவும் முழுமையான சந்திப்புதான்.

குறை சொல்லலாமா? போன படம் பிடிக்கவில்லை என்று?

வேண்டாம். டிக்கெட் காசு கொடுத்ததால் வருகிற உரிமை தியேட்டர் வாசலோடு முடிந்தது.

எப்படிக் கூப்பிடுவது? பட்டப் பெயரா, சாரா, அண்ணாவா?

சினிமாவில் "சார்", "மேடம்" போதும், வயதில் மூத்த பாடகிகளை "அம்மா" என்பார்கள், எழுத்தாளர்களையும் தமிழறிஞர்களையும் "ஐயா" என்றால் பொருத்தம், கிரிக்கெட் ஆட்டக்காரர் உங்கள் வயதுக்குச் சின்னவராக இருந்தாலும் "ப்ரோ" என்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். பட்டப் பெயர் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் அவர்களே வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். 2021 டிசம்பரில் அஜித், தன்னை "தல" என்று அழைக்க வேண்டாம், அஜித், அஜித்குமார், ஏ.கே. என்று சொன்னால் போதும் என்று அறிக்கை விட்டார். 2024 நவம்பரில் கமல்ஹாசன் "உலக நாயகன்" வேண்டாம் என்றார். 2025 மார்ச்சில் நயன்தாராவும் "லேடி சூப்பர் ஸ்டார்" என்று அழைக்காதீர்கள், பெயரே நெருக்கமானது என்று எழுதினார். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் சிக்னலில் கார் கண்ணாடியைத் தட்டிப் பட்டப் பெயரைக் கத்துவது அவர்கள் பேச்சைக் கேட்காத ரசிகத்தனம்.

செல்ஃபி கேட்கலாமா?

கேட்கலாம், ஒரு தடவை, பக்கத்தில் போய், போனைப் பையில் வைத்துக்கொண்டு. போனை நீட்டிக்கொண்டே "ஒரு போட்டோ சார்" என்று வருகிறவரிடம் "இல்லை" என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. "இல்லை" என்றாலும் நீங்கள் சிரித்துக்கொண்டே "பரவாயில்லை சார்" சொல்லத் தயாராக இருந்தால் மட்டும் கேளுங்கள்.

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் நாள், கொரோனா காலம். திருவான்மியூர் வாக்குச்சாவடிக்கு அஜித்தும் ஷாலினியும் வந்தார்கள். மாஸ்க் போடாமல் ரொம்ப நெருக்கத்தில் செல்ஃபி எடுக்க வந்த ஒருவரின் போனை அஜித் பிடுங்கிவிட்டார், பிறகு திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். வீடியோவைப் பார்த்தவர்கள் அவருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று பேசினார்கள். நான் அந்த வீடியோவில் பார்த்தது வேறு: ஓட்டுப் போட வந்த ஒரு மனிதருக்கு இரண்டு பக்கமும் முழங்கை நீட்டக்கூட இடம் இல்லை. அதே நாளில் நீலாங்கரையில் விஜய் சைக்கிளில் ஓட்டுப் போட வந்தபோது பின்னாலேயே பைக்குகள் கூட்டமாகத் துரத்தின. ஓட்டுச்சாவடி என்பது பிரபலமும் நாமும் ஒரே வரிசையில், ஒரே மையை விரலில் வாங்கிக்கொள்கிற இடம். அங்கேயாவது அவர்களை வாக்காளராக இருக்க விடலாம்.

இன்னொன்று, கூட வந்திருக்கிற மனைவியையோ கணவரையோ நண்பரையோ "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று சொல்லி அவர் கையிலேயே போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கேட்காமல் தூரத்திலிருந்து வீடியோ எடுத்துப் போட்டால் என்ன?

என் பதில், கூடாது. பிரபலம் என்பதால் அந்தரங்கம் இல்லாமல் போய்விடாது. உச்ச நீதிமன்றம் 1994-லேயே, ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றித் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், தன்னைத் தன் பாட்டுக்கு விட்டுவிடச் சொல்லும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று சொல்லியிருக்கிறது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது. பொது இடத்தில் எடுக்கிற ஒவ்வொரு படமும் குற்றம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் காய்கறி வாங்குகிற ஒரு நடிகையின் முதுகுப் பக்கம் நின்று எடுத்த வீடியோவுக்குக் கீழே என்னென்ன எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதை ஆரம்பித்து வைக்கிற ஆளாக நாம் இருக்க வேண்டாம். குழந்தைகள் படத்தில் விழுந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

முகம் தெரிகிறது, பெயர் வாயில் வரவில்லை. என்ன செய்வது?

இது குணச்சித்திர நடிகர்களுக்கு தினமும் நடக்கிறது. "நீங்க அந்தப் படத்துல வருவீங்களே, வில்லனோட மாமா..." என்று ஆரம்பித்து, பெயரைச் சொல்லச் சொல்லி அவரையே கேட்பது சங்கடம். அதற்குப் பதில் காட்சியைச் சொல்லுங்கள். "மகளை பஸ் ஏத்திவிட்டுட்டுத் திரும்பி நடப்பீங்களே, அது மனசுலயே நிக்குது சார்" என்றால் பெயர் தேவைப்படாது. வீட்டுக்கு வந்து பெயரைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவைக்கு உதவும்.

சில பேருக்கு முகமே தெரியாது, குரல்தான் அடையாளம். தூர்தர்ஷன் செய்திகளில் ஷோபனா ரவி குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, கண்ணை மூடிக்கொண்டே அவரை அடையாளம் சொல்லிவிடும். டப்பிங் கலைஞர் ஒருவர் மருந்துக்கடையில் "ரெண்டு ஸ்ட்ரிப் குடுங்க" என்று சொன்னதும் கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குரலில் நாம் எத்தனை கதாநாயகிகளுக்காக அழுதிருக்கிறோம்! அவர்களிடம் போய் அதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது அடிக்கடி கிடைக்கிற பாராட்டு இல்லை.

யாரென்றே தெரியாமல் பேசிக்கொண்டிருந்துவிட்டேன், பிறகுதான் தெரிந்தது. தப்பாக நினைத்திருப்பாரா?

இல்லவே இல்லை, பல பேருக்கு அதுதான் பிடிக்கும். விஸ்வநாதன் ஆனந்த் தானே சொல்லியிருக்கிற சம்பவம் ஒன்று உண்டு. இளம் வயதில் ரயிலில் போகும்போது எதிரே இருந்த பெரியவர், "என்ன செய்கிறாய்?" என்று கேட்க, "செஸ் ஆடுகிறேன்" என்றிருக்கிறார். பெரியவர் அக்கறையோடு, அதை வைத்துப் பிழைக்க முடியாதப்பா, விஸ்வநாதன் ஆனந்தாக இருந்தால் ஒழிய, என்று புத்தி சொன்னாராம். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், அந்த அறிவுரையை இத்தனை காலம் ஞாபகம் வைத்துச் சொல்கிறார் என்றால் அது புண்பட்ட ஞாபகம் இல்லை.

ஹோட்டல், ஆட்டோ, டெலிவரி, சலூன் என்று நான் வேலை செய்கிற இடத்துக்கே வந்தால்?

வேலையை வழக்கம் போலச் செய்யுங்கள், மற்ற வாடிக்கையாளருக்குச் செய்கிற அதே மாதிரி. போகும்போது ஒரு வார்த்தை பேசலாம். சச்சினிடம் பேசிய அந்த ஊழியரும் வேலையில் இருந்தபோதுதான் பேசினார், மரியாதையாக அனுமதி கேட்டு.

ஆனால் வேலையால் தெரிந்தது வேலையோடு நிற்க வேண்டும். வீட்டு முகவரி, எந்த மாடி, என்ன மருந்து வாங்கினார், யார் கூட வந்தார், எத்தனை மணிக்கு வாக்கிங் போவார், இது எதுவும் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக்கூடாது. அடுக்ககத்தில் வாட்ச்மேனாக இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் "எங்களுக்குச் சொல்லணுமா சார்?" என்பார்கள். உண்மைதான், அவர்களை விட ரகசியம் காக்கிறவர்கள் இந்த ஊரில் இல்லை. சொல்ல வேண்டியது அந்த அடுக்ககத்தில் குடியிருக்கிற நமக்குத்தான்.

என்னிடம் ஒரு கதை இருக்கிறது. இயக்குநரைப் பார்த்தால் கொடுக்கலாமா?

நடைபாதையில் நீட்டாதீர்கள். வாங்கினால் நாளைக்கு "என் கதையைத் திருடிவிட்டார்" என்று வழக்கு வருமோ என்கிற பயத்தில் பல பேர் முன்பின் தெரியாதவர்களிடம் கையால்கூட வாங்க மாட்டார்கள், அது உங்கள் மீது வெறுப்பு இல்லை. கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள், உதவி இயக்குநர்கள் வழியாக முயற்சி செய்யுங்கள். இயக்குநரிடம் அவர் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். இந்த ஊருக்கு சினிமாக் கனவோடு வந்து மேன்ஷன் அறையில் தங்கியிருக்கிற தம்பிகளுக்கு இது சொல்லக் கஷ்டமான பதில்தான், ஆனாலும் நேர்மையான பதில் இதுதான்.

வீட்டு வாசலில் காத்திருந்து பார்க்கலாமா?

பொங்கல், தீபாவளி என்றால் ரஜினிகாந்தின் போயஸ் தோட்ட வாசலில் ரசிகர்கள் கூடுவதும் அவர் வந்து கையசைப்பதும் வழக்கமாகிவிட்டது, அது இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட திருவிழா. மற்ற நாட்களில் யார் வீட்டு வாசலிலும் நிற்காதீர்கள்.

அரசியல் தலைவர்களைப் பார்த்தால் மனு கொடுக்கலாமா?

நடைப்பயிற்சியில் இருக்கிறவரிடம் கொடுக்கிற காகிதம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. தலைமைச் செயலகத்தில் முதல்வர் தனிப்பிரிவு இருக்கிறது, அங்கே கொடுத்தால் எண் கிடைக்கும், தொடர்ந்து விசாரிக்கலாம். மற்றபடி நம் தலைவர்கள் சாலையில் கண்ணில் படுகிறவர்கள்தான். 2021-இல் முதல்வரான பிறகும் மு.க.ஸ்டாலின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டப் போனார், வழியில் நின்று ஜனங்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்ட படங்கள் வந்தன. மா.சுப்பிரமணியன் மாரத்தான் ஓடுகிறவர் என்பது இந்த ஊரில் காலையில் ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். கட்சி பிடிக்கிறதோ இல்லையோ, காலை ஆறு மணிக்கு "வணக்கம்" சொல்லலாம்.

பழைய ஆட்களில் அப்துல் கலாமை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2001 கடைசியிலிருந்து அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், அடுத்த ஜூனில் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஆகிறீர்களா என்று பிரதமரிடமிருந்து போன் வந்தபோதும் அந்த வளாகத்தில்தான் இருந்தார். மாணவர்கள் கேள்வி கேட்டால் எவ்வளவு நேரமானாலும் நிற்கிற மனிதர். அவரிடம் பேசிய தலைமுறை இன்றைக்கும் அதைச் சொல்லும்போது, தான் கேட்ட கேள்வியை முதலில் சொல்லும், அப்புறம்தான் அவர் சொன்ன பதிலை.

வெள்ளம், புயல் மாதிரி சமயத்தில் பக்கத்தில் ஒரு பிரபலம் இருந்தால்?

அப்போது அவர் அக்கம்பக்கத்து ஆள், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது காரப்பாக்கத்தில் விஷ்ணு விஷாலும், அம்மாவின் சிகிச்சைக்காகச் சென்னையில் இருந்த ஆமிர் கானும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்பு வீரர்கள் படகில் வந்து மீட்டார்கள். படகில் மற்ற குடியிருப்புக்காரர்களோடு அவர்கள் உட்கார்ந்திருந்த படம் எல்லோரும் பார்த்ததுதான். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, தண்ணீர் இடுப்பளவு. 2015 வெள்ளத்தில் சித்தார்த்தும் ஆர்.ஜே.பாலாஜியும் இறங்கி நிவாரண வேலை பார்த்தார்கள், பால் பாக்கெட் வாங்கிக்கொண்டவர்களுக்குக் கொடுத்தது யார் என்று பார்க்க நேரம் இருந்திருக்காது. இந்த மாதிரி நேரத்தில் பேச வேண்டியது "உங்க வீட்டுல யாருக்காவது மருந்து வேணுமா?" என்பது மட்டும்தான்.

எழுத்தாளர்களை எங்கே பார்ப்பது?

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. 1977-லிருந்து நடக்கிறது. எஸ்.ராமகிருஷ்ணன் தேசாந்திரி அரங்கில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார், அந்த மாதிரி ஒவ்வொரு பதிப்பக அரங்கிலும் ஒருவர் இருப்பார். புதிதாக எழுத வந்தவர்களின் மேசை காலியாக இருக்கும். அங்கேயும் நில்லுங்கள். புத்தகத்தைக் கையில் எடுத்து இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் அவர்களுக்கு அந்த வருஷமே நல்ல வருஷம்.

அசோகமித்திரன் தி.நகரில் நம்மோடு நம்மாக நடந்துபோனவர், ஒரு காலத்தில் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். அந்த ஸ்டுடியோ இப்போது இல்லை, மேம்பாலத்துக்கு மட்டும் ஜெமினி பெயர் ஒட்டிக்கொண்டது. அவரைத் தெருவில் தாண்டிப் போன எத்தனையோ பேருக்கு யாரைத் தாண்டினோம் என்று தெரியாது.

தெரியாத முகங்கள் என்றால் வேறு யார்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. ஹோர்டிங்கில் வராத சாம்பியன்கள் இந்த ஊர் முழுக்க இருக்கிறார்கள். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், அணி என்று 3 தங்கம் வாங்கி வந்தார். கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் சென்னைக்காரர்தான், விருது வந்தது 1996-இல். இவர்கள் பக்கத்தில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தால் நமக்குத் தெரியுமா?

செஸ் பிள்ளைகளும் அப்படித்தான். குகேஷ் 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆன பிறகு முகம் தெரிந்துவிட்டது, அதற்கு முன்னால் சென்னை விமான நிலையத்தில் அப்பாவோடு பை தூக்கிக்கொண்டு போன ஒரு பள்ளிக்கூடப் பையன். இன்றைக்கும் அதே மாதிரி பையன்களும் பெண்களும் ஒவ்வொரு வாரமும் போட்டிக்குப் போய் வருகிறார்கள், கூடவே லீவு போட்டு வந்த ஒரு அம்மாவோ அப்பாவோ. காத்திருக்கும் இடத்தில் ஒரு குழந்தை சின்ன செஸ் போர்டை மடியில் வைத்திருந்தால் குழந்தையைத் தொந்தரவு பண்ணாமல், கூட வந்திருக்கிறவரிடம் "எந்தப் போட்டிக்கு?" என்று கேளுங்கள். தோற்றுத் திரும்புகிறார்களா ஜெயித்தா என்று கேட்காதீர்கள்.

நான் வணக்கம் சொன்னேன், கண்டுகொள்ளாமல் போய்விட்டார். மனசு கஷ்டமாக இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும், அன்பு வைத்த இடம். அவர் காதில் விழவில்லையோ, வீட்டில் என்ன பிரச்சினையோ, பத்து நிமிஷம் முன்னால் யார் என்ன சொன்னார்களோ நமக்குத் தெரியாது. அந்த ஒரு நிமிஷத்தை வைத்து அவர் பாட்டையோ எழுத்தையோ கேட்காமல் படிக்காமல் விட்டுவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆனால் முகத்துக்கு நேராக அவமானமாகப் பேசினார் என்றால், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். ரசிகனுக்கும் மரியாதை உண்டு.

அதே ஆளை மறுபடி பார்த்தால்?

"என்னை ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்காதீர்கள். இருக்காது, இருக்கிற மாதிரி அவர் நடிக்க வேண்டியிருக்கும். உங்கள் பெயரையும் போன தடவை எங்கே பார்த்தோம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "நான் முரளி சார், போன மார்கழில கேன்டீன்ல பேசினோம்." ஞாபகம் வந்தால் அவரே தொடர்வார், வராவிட்டாலும் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும். ஒரே பார்க்கில் தினமும் பார்க்கிறவர் என்றால் ஒவ்வொரு நாளும் பேச வேண்டாம், தலையை அசைத்துவிட்டு உங்கள் சுற்றை நடந்து முடியுங்கள். சில மாதத்தில் அவரே "ரெண்டு நாளா காணோமே?" என்று கேட்பார்.